விசிலடிக்காத வெயில்குல்லா

ஆர்டித் ஜாப்கா முதன்முதலாக வெயில்குல்லா போட்டுக்கொண்டு எங்கள் ஊர் மளிகைக்கடைக்குள் வந்தபோது, நான் முட்டை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கல்லா முன்னால் நின்றிருந்தேன். பூப்போட்ட சீட்டித் துணி. முகத்துக்கு முன்னால் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கும் மடல். பின்கழுத்தை மூடித் தொங்கும் சுருக்குத்துணி. தாடைக்குக் கீழே நாடா முடிச்சு. மாட்டுவண்டி கட்டிக்கொண்டு இந்தச் சமவெளிக்குக் குடிவந்த பெண்களின் பழைய படங்களில் இருக்குமே, அதேதான். கடையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜன்னலோரம் காபி குடித்துக்கொண்டிருந்த ராய்ஸ்தான் முதலில் வாயைத் திறந்தான். ராய்ஸும் ஆர்டித்தும் ஒரே இடத்தில் வேலை பார்க்கிறவர்கள். ஊர் எல்லையில் இருக்கும் பெரிய தானியக் கிடங்கில் அவள் எடைமேடையைப் பார்த்துக்கொள்கிறாள். லாரிகளில் வரும் மக்காச்சோளத்தை நீளக் குழாயால் குத்தி மாதிரி எடுப்பது அவன் வேலை.

"ஆர்டித், மாட்டுவண்டிய எங்க நிறுத்தியிருக்க?"

"உன் டிரக்குக்குப் பக்கத்துலதான் ராய்ஸ். என் மாடு உன்ன ரொம்ப விசாரிச்சுது. சொந்தக்காரன்னு நினைச்சுக்கிச்சு போல."

கடையே சிரித்தது. அவள் சிரித்தாளா என்று யாருக்கும் தெரியவில்லை, மடல் மறைத்துக்கொண்டது.

அவள் காதைப் பற்றி அப்போது ஹாவ்லிக் ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு வேலி, அதுவும் பாதி சாய்ந்தது. லிங்கன் நகரத்து ஆஸ்பத்திரியில் அவளுடைய இடது காதின் மேல் பாதியை எடுத்தபோது கூடப் போனவள் நான். தோலில் புற்றுநோய். இங்கே பள்ளிக்கூடம் படிக்கிற வயதில் நாங்கள் ஜூலை வந்தால் விதைச்சோள வயலுக்கு வேலைக்குப் போவோம். வரிசை வரிசையாக நடந்து, மக்காச்சோளச் செடியின் உச்சியில் நிற்கும் ஆண்பூங்கதிரைப் பிடுங்கிப் போடவேண்டும். தலையில் கம்பெனி கொடுத்த தொப்பி இருக்கும். அதற்கு நெற்றிக்கு மேல் மட்டும்தான் மடல். காது இரண்டும் வெயிலில் வெந்துகொண்டிருக்கும். நாங்கள் எல்லோருமே போனவர்கள்தான். ஆனால் அவள் தோல் பால் மாதிரி. அவளைத்தான் அது பிடித்துக்கொண்டது.

இனிமேல் அகலமான தொப்பி இல்லாமல் வெளியே தலைகாட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த டாக்டர் நெப்ராஸ்காக் காற்றை மறந்துவிட்டார் போலிருக்கிறது. வாங்கிய முதல் வைக்கோல் தொப்பி அன்று சாயங்காலமே பறந்துபோய் லூத்தரன் சர்ச் கூரையில் உட்கார்ந்தது. இரண்டாவது எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. அப்புறம்தான் அவள் மாவட்ட அருங்காட்சியகத்துக்குப் போய், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த வெயில்குல்லாவை வெளியே எடுக்கச் சொல்லி, காகிதம் விரித்து அளவு எடுத்துக்கொண்டு வந்தாள். தன்னுடைய பழைய திரைச்சீலையை வெட்டி முதல் குல்லாவைத் தைத்தாள். எவ்வளவு காற்று அடித்தாலும் அது அசையவில்லை.

"உள்ள இருந்தா நல்லாத்தான் இருக்கு டார்லா," என்றாள் என்னிடம். "பக்கத்துல நிக்கிறவங்க என்ன மூஞ்சி காட்றாங்கன்னே தெரியாது."

அவளுக்கு அப்போது நாற்பத்தியொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த வருடங்களில் அதற்கான நேரம் வந்து போய்விட்டது. காது போன பிறகு கண்ணாடி முன்னால் நிற்பதையே குறைத்துக்கொண்டாள். வீட்டுக்குள் குல்லாவைக் கழற்றினாலும் தலைமுடியை இடது பக்கம் இழுத்து விட்டுக்கொள்வாள். முடி வெட்டிக்கொள்ளக்கூட வெளியே போகமாட்டாள். நான்தான் சமையல்கட்டில் உட்காரவைத்து வெட்டிவிடுவேன், அந்தப் பக்கம் மட்டும் கத்தரிக்கோலை அவள் வாங்கிக்கொள்வாள்.

பெண்பிள்ளைகளுக்குத் தைக்க ஆரம்பித்தது தானாக நடந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளை மே மாதத்தில் ஒருநாள் அருங்காட்சியகத்து மைதானத்தில் இருக்கும் பழைய ஒற்றையறைப் பள்ளிக்குக் கூட்டிப்போவார்கள். அன்றைக்குப் பிள்ளைகள் முன்னோர்கள் மாதிரி உடுத்திக்கொண்டு, சிலேட்டில் எழுதி, தூக்குவாளியில் கொண்டுபோன ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு வரவேண்டும். பெண்பிள்ளைகள் போட்டுக்கொள்ள நெடுஞ்சாலைக் கடையில் ஒரு குல்லா விற்பார்கள். முரட்டு நைலான். கழுத்தில் அரிக்கும், மத்தியானத்துக்குள் நாடா பிய்ந்துவிடும். ஆர்டித் தினமும் குல்லாவோடு நடப்பதைப் பார்த்த டீச்சர், "எங்க பிள்ளைங்களுக்கும் தைச்சுக் குடுப்பீங்களா?" என்று கேட்டார். அந்த வருடம் அந்த வகுப்பில் பாதித் தலைகளில் ஆர்டித்தின் தையல் இருந்தது. அடுத்த கோடையில், ஊர் பிறந்த நாளுக்கு மைதானத்தில் நடக்கும் திருவிழாவில், என் கடைக்குப் பக்கத்திலேயே அவளும் ஒரு மேசை போட்டாள். நான் கசகசாவும் ஆப்ரிகாட்டும் வைத்த கொலாச்சி பன் விற்பேன். அவள் குல்லா விற்பாள்.

விற்பாள் என்று சொல்கிறேன், ஆனால் அவளிடம் வாங்குவது லேசில்லை.

"ஒன்பது வயசுப் பொண்ணுக்கு ஒண்ணு குடுங்க," என்று ஒரு அம்மா வந்து நிற்பாள்.

"பொண்ணு எங்க?"

"ராட்டினத்துல சுத்திட்டிருக்கா."

"சுத்தி முடிக்கட்டும். வயசு எனக்கு வேண்டாம், தலையக் கூட்டிட்டு வாங்க."

பிள்ளையை முக்காலியில் உட்காரவைத்து, ஒரு காதிலிருந்து இன்னொரு காதுவரை உச்சியைத் தொட்டு சாணால் அளப்பாள். பின்னலை வெளியே விடுவதா உள்ளே சுருட்டுவதா என்று அந்தப் பிள்ளையிடமே கேட்பாள். மடலுக்குள் சின்னச் சின்னப் பைகள் தைத்து அதில் மெல்லிய மரத்தகடுகளைச் செருகியிருப்பாள். துவைக்கும்போது தகடுகளை உருவிவிடலாம். முடிச்சைத் தானே போட்டுவிட்டு, கொஞ்சம் பின்னால் நகர்ந்து நின்று, "இப்ப தலைய ஆட்டு," என்பாள். விழாவிட்டால்தான் கொடுப்பாள்.

வெர்லின் டீட்ஸ் வந்தது அதற்கு இரண்டு மூன்று வருடம் கழித்து, ஒரு ஏப்ரல் சாயங்காலம். லாரி ஓட்டுகிறவன். பண்ணைகளிலிருந்து சோளம் ஏற்றிக்கொண்டு கிடங்குக்கு வருவான். எடைமேடை ஜன்னல் வழியாக ஆர்டித் எடைச் சீட்டை நீட்ட, அவன் தொப்பியைத் தொட்டு வாங்கிக்கொண்டு போவான். பல வருடமாக அவர்களுக்குள் இருந்த பழக்கம் அவ்வளவுதான். அவனுடைய மனைவி அவனை விட்டுப் பிரிந்து டென்வருக்குப் போய் வேறு கல்யாணம் செய்துகொண்டிருந்தாள். மகள் ஷெல்பி இவனோடு இருந்தாள். ஒன்பது வயது. இரண்டு காதுக்குப் பின்னாலும் கருஞ்சிவப்பில் காது மெஷின். பிறவியிலேயே கேட்காது. மெஷின் இருந்தால், நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தால், எல்லாம் பிடித்துக்கொள்வாள்.

நான் அன்றைக்கு ஆர்டித்தின் சமையல்கட்டில்தான் இருந்தேன். ஆர்டித் ஷெல்பியை முக்காலியில் உட்காரவைத்து, தைத்துவைத்திருந்த ஒரு நீலக் குல்லாவைப் போட்டுவிட்டாள். போட்டதுதான் தாமதம், உள்ளேயிருந்து கீச்சென்று ஒரு விசில். ஷெல்பி வெடுக்கென்று குல்லாவைக் கழற்றினாள். விசில் நின்றது.

"என்னம்மா அது?" என்றாள் ஆர்டித்.

"மெஷின். துணி பக்கத்துல வந்தா சத்தம் அதுல பட்டு மறுபடி மெஷினுக்குள்ளயே போயிடும். அப்ப விசிலடிக்கும். குளிருக்குப் போடற குல்லாவுலயும் அப்படித்தான். கிளாஸ்ல எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க."

வெர்லின் கதவோரம் நின்றிருந்தான். "பழைய பள்ளிக்குப் போற அந்த ஒருநாள் மட்டும் மெஷினக் கழட்டி வச்சுக்கயேன்டா கண்ணு," என்றான்.

"டீச்சர் சொல்றது எப்படிக் கேக்கும்?"

ஷெல்பி குல்லாவை மடித்து ஆர்டித்தின் கையில் வைத்தாள். "பரவாயில்ல. நான் பையன் மாதிரி வைக்கோல் தொப்பி போட்டுக்கிறேன். கிளாஸ்ல நான் மட்டும்தான் அப்படி இருப்பேன், அவ்வளவுதான்."

ஆர்டித் அந்தக் குல்லாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அடுத்த வாரம் வா," என்றாள். "அதுக்குள்ள வைக்கோல் தொப்பி எதுவும் வாங்கிடாதே."

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் கூத்து ஆரம்பித்தது. குல்லா விசிலடிக்கிறதா இல்லையா என்று பார்க்க ஆர்டித்துக்குக் காது மெஷின் போட்ட ஒரு தலை வேண்டியிருந்தது. என் மாமனார் எமிலுக்கு அப்போது எண்பத்திரண்டு வயது, இரண்டு காதிலும் மெஷின். வேலை முடிந்து வந்ததும் ஆர்டித் ஒரு குல்லாவை எடுத்துக்கொண்டு நேராக அவரிடம் வருவாள்.

"மாமா, கொஞ்சம் குனிங்க."

"எதுக்கும்மா?"

"போட்டுப் பாக்கத்தான்."

ரோஜாப்பூ போட்ட குல்லாவுக்குள் என் மாமனாரின் நரைத்த தாடி மட்டும் தெரியும். கீச்சென்று விசிலடிக்கும். "இன்னும் அடிக்குது," என்று அவரே சொல்வார், கேட்கிறதோ இல்லையோ, அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார். அவள் கழற்றிக்கொண்டு போய்ப் பிரித்துத் தைப்பாள். ஒவ்வொரு தடவைக்கும் அவருக்கு நான் சுட்ட ஒரு கசகசா பன் கூலி. இரண்டு நாளில் அவரே ஜன்னலோரம் உட்கார்ந்து காத்திருக்க ஆரம்பித்துவிட்டார். ஒருநாள் பாதிரியார் வந்தபோது மாமா குல்லாவைக் கழற்ற மறந்துபோய் அப்படியே கதவைத் திறந்தார். பாதிரியார் வாசலிலேயே நின்று ஜெபத்தை முடித்துக்கொண்டு போய்விட்டார்.

கடைசியில் வந்த குல்லாவை முன்னால் பார்த்தால் மற்ற குல்லா மாதிரியே இருக்கும். காதுக்கு நேராக மட்டும் துணியைத் தளர விட்டு, உள்ளே நாலைந்து வரி கெட்டிக் கயிறு கோத்துத் தைத்திருந்தாள். அதனால் அந்த இடத்தில் துணி காதில் படாமல் கிண்ணம் மாதிரி வெளியே நின்றது. காதுக்குப் பின்னால் சுருக்கத்தை விலக்கினால் அடியில் கொசுவலைத் துணி. சத்தம் உள்ளே வரவும் போகவும் வழி. மாமா அதைப் போட்டுக்கொண்டு தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டினார். ஒரு சத்தமும் இல்லை.

"போச்சு," என்றார் மாமா. "இனிமே எனக்குப் பன் கிடையாதா?"

ஷெல்பி மறுபடி வந்தபோது ஆர்டித் குல்லாவை அவள் தலையில் வைத்து, நாடாவைத் தாடைக்குக் கீழே கொண்டுவந்து மெல்ல முடிச்சுப் போட்டாள். ஷெல்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் இல்லை. தலையை ஆட்டினாள், குனிந்தாள், எழுந்து சமையல்கட்டைச் சுற்றி ஓடினாள். அப்புறம் ஆர்டித்தின் முன்னால் வந்து நின்று, அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். குனிந்து தைத்துக்கொண்டே இருந்ததில் ஆர்டித்தின் தலைமுடி பின்னால் ஒதுங்கியிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"உங்க காது எங்க போச்சு?"

"ஷெல்பி," என்றான் வெர்லின்.

ஆர்டித்தின் கை தானாகத் தலைமுடிக்குப் போனது. பாதி வழியில் நின்றது. "லிங்கன்ல ஒரு டாக்டர்கிட்ட விட்டுட்டு வந்துட்டேன்," என்றாள்.

"திருப்பிக் குடுக்க மாட்டாராமா?"

"நான் கேக்கல. அதுல நோய் இருந்துச்சு."

"அந்தப் பக்கம் கேக்குமா?"

"நல்லாவே கேக்கும். மேல் பாதிதான் இல்ல."

"அப்ப என் காதவிட அது நல்ல காது," என்றாள் ஷெல்பி. கையை நீட்டி அதைத் தொட்டுப் பார்த்தாள். ஆர்டித் கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டரைத் தவிர அதை யாரும் தொட்டதில்லை, நான்கூட இல்லை. பிள்ளை விரலால் அந்த விளிம்பை ஒருமுறை தடவிவிட்டு, "வழவழன்னு இருக்கு," என்று அப்பாவிடம் சொன்னாள். வெர்லின் தன் தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த மே மாதம் ஷெல்பி ஒற்றையறைப் பள்ளியில் நீலக் குல்லாவோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஜூனில் திருவிழா வந்தபோது மற்ற அம்மாக்களும் அந்த மாதிரிதான் வேண்டும் என்றார்கள். காதுக்குக் காற்றோட்டமாக இருக்கிறதாம், பிள்ளைகள் கழற்றி எறிவதில்லையாம். எதற்காக அப்படித் தைத்தது என்று ஆர்டித் யாரிடமும் சொல்லவில்லை.

வெர்லினும் அன்றைக்கு மேசைக்கு வந்தான். "கியர்னில என் அண்ணன் மகள் ஒருத்தி இருக்கா. அவளுக்கு ஒண்ணு வேணும்."

"பொண்ணு வரலையா?" என்று வழக்கம்போலக் கேட்டாள் ஆர்டித்.

"அவளால வர முடியாது. ஷெல்பி தலை அளவுதான்."

இவள் யோசித்தாள், கொடுத்துவிட்டாள். வேறு யாருக்கும் அப்படிக் கொடுத்ததில்லை. அடுத்த மாதம் கிராண்ட் ஐலண்டில் ஒரு சித்தி மகளின் மகளுக்கு வேண்டியிருந்தது. அதற்கு மஞ்சள். பிறகு பாஸ்டர் வீட்டு இரட்டைப் பிள்ளைகளுக்கு, எந்த ஊர் பாஸ்டர் என்று இப்போது நினைவில்லை. ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று எந்தத் துணி, என்ன நிறம், அந்தப் பிள்ளை எப்படிப்பட்ட பிள்ளை என்று பேசுவான். பேச்சு வராத மனிதன், ஆனால் அந்தப் பெண்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச வந்தது. ஒருத்திக்குக் குதிரை என்றால் உயிராம். இன்னொருத்திக்கு முன்பல் விழுந்திருக்கிறதாம். ஆர்டித் அதற்கேற்றபடி துணி தேடினாள். குதிரை போட்ட சீட்டி கிடைக்க ஒமாஹா வரை போய்வந்தாள்.

"பெரிய குடும்பம் போல," என்றேன் நான்.

"ஆமா," என்றாள். அவள் முகத்தில் ஒரு மலர்ச்சி இருந்தது.

அக்டோபரில் அறுவடை உச்சத்தில் இருந்தது. கிடங்கு வாசலிலிருந்து நெடுஞ்சாலை வரை லாரிகள் வரிசைகட்டி நின்றன. சோளத்தின் சிவப்பு உமி பனி மாதிரி பறந்துகொண்டிருந்தது. அடுத்து நடந்ததை ராய்ஸும் எனக்குச் சொன்னான், ஆர்டித்தும் சொன்னாள். இரண்டும் ஒத்துப்போனதால் நம்பினேன்.

வெர்லின் எடைமேடையில் லாரியை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து வடக்கேயிருந்து ஒரு காற்று. கதவு அவன் கையைப் பிடுங்கிக்கொண்டு அகலமாகத் திறந்தது. இருக்கைக்குப் பின்னால் இருந்த படுக்கையிலிருந்து ஒரு பச்சைக் குல்லா வெளியே பறந்தது. அதன் பின்னாலேயே மஞ்சள். அப்புறம் குதிரை போட்டது. ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன, நாடாக்கள் படபடக்க, மைதானம் முழுக்க உருண்டு ஓடின. டிரைவர்கள் இறங்கித் துரத்தினார்கள். ராய்ஸ் தன் குழாயை நீட்டி ஒன்றைக் குத்திப் பிடித்தான்.

"வெர்லின், உனக்கு மொத்தம் எத்தன தலைய்யா?"

ஆர்டித் அறையிலிருந்து வெளியே வந்து நின்றாள். ஒவ்வொன்றையும் அவளுக்குத் தெரியும். ஒன்றுகூட ஒரு பிள்ளையின் தலைக்கும் போகவில்லை, முடிச்சு போட்ட சுருக்கம்கூட நாடாவில் இல்லை. அவள் உள்ளே போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

சாயங்காலம் என் சமையல்கட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். குல்லாவைக் கழற்றவில்லை.

"பரிதாபப்பட்டு வாங்கியிருக்காரு டார்லா. காது அறுந்தவ கஷ்டப்பட்டுத் தைக்கிறாளேன்னு."

"போடி பைத்தியக்காரி. பரிதாபப்படறவன் ஒண்ணு வாங்குவான். லாரி நிறைய வாங்கறவனுக்கு வந்திருக்கற நோய் வேற."

"நான் அந்தப் பிள்ளைங்களை நினைச்சு நினைச்சுத் தைச்சேன். பல் விழுந்தவளுக்குச் சிரிக்க இடம் வேணும்னு மடலக் கொஞ்சம் தூக்கி வச்சேன். அப்படி ஒருத்தியே இல்ல."

நான் எது சொன்னாலும் அவள் காதில் ஏறவில்லை. அதன் பிறகு வெர்லினின் லாரி வரும்போதெல்லாம் முகத்தைப் பார்க்காமல் சீட்டை நீட்டினாள். அவனும் தொப்பியைத் தொட்டான், போனான். அறுவடை முடியும் வரை இப்படியே போயிருக்கும். ஒருநாள் மத்தியானம், பின்னால் பத்துப் பன்னிரண்டு லாரி நிற்கும்போது, அவன் சீட்டை வாங்கிக்கொண்டு நகரவில்லை. இறங்கி ஜன்னலுக்கு வந்தான்.

"வண்டிய எடுங்க. பின்னாடி நிக்கிறாங்க," என்றாள்.

"எனக்குக் கியர்னில அண்ணன் மகள் இல்ல."

"தெரியுது."

"அண்ணனே இல்ல."

ராய்ஸ் சிரித்துவிட்டான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள், அவன் லாரிக்குப் பின்னால் போய்விட்டான். ஆனால் கேட்கிற தூரத்தில்தான் நின்றான்.

"பரிதாபப்பட்டுத்தானே வாங்கினீங்க?"

"எதுக்குப் பரிதாபம்?" உண்மையாகவே அவனுக்குப் புரியவில்லை.

"என் காதுக்கு."

வெர்லின் ஜன்னல் சட்டத்தில் கையை ஊன்றினான். "ஷெல்பிக்கு ரெண்டு காதும் முழுசா இருக்கு, ஒண்ணும் கேக்காது. எங்க வீட்டுல காதுக்கெல்லாம் யாரும் பரிதாபப்படறதில்ல."

"அப்புறம் எதுக்கு அத்தன குல்லா?"

"குல்லா வாங்க வந்தா நீங்க பேசுவீங்க. யாருக்கு, என்ன நிறம்னு கேப்பீங்க. சும்மா வந்து நின்னா என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியல."

பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். அவன் திரும்பவில்லை.

"அந்தப் பிள்ளைங்களுக்கெல்லாம் பேரு வேற வச்சீங்களே."

"வண்டி ஓட்டறப்ப யோசிச்சு வச்சுக்குவேன். அடுத்த தடவ நீங்க கேப்பீங்கன்னு."

ஆர்டித் ஜன்னல் விளிம்பில் படிந்திருந்த உமியை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாளாம். ஹாரன் இன்னும் பலமாகக் கேட்டது.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் வாங்க," என்றாள் கடைசியில். "ஷெல்பியக் கூட்டிட்டு வாங்க. எதுவும் வாங்க வேண்டாம்."

"வந்து என்ன பேசறது?"

"வரும். வரலேன்னா சாப்பிட்டுட்டுப் போங்க."

வந்தார்கள். பன்றிக்கறியும் புளிக்கவைத்த முட்டைக்கோசும் மாவுருண்டையும் சமைத்திருந்தாள். என் ஜன்னலிலிருந்து பார்த்தால் அவள் சமையல்கட்டு தெரியும், பார்க்காமல் இருக்க நான் ஒன்றும் பாடுபடவில்லை. ஷெல்பிதான் பேசிக்கொண்டே இருந்தாள். சாப்பாடு முடிந்ததும் வெர்லினுக்கு வார்த்தை தீர்ந்துபோனது போலிருக்கிறது, எழுந்து வெளியே வந்தான். சாய்ந்துகிடந்த எங்கள் வேலியைப் பார்த்தான். லாரியிலிருந்து சுத்தியலை எடுத்துவந்து இருட்டுகிற வரை அதை நிமிர்த்திக்கொண்டிருந்தான். ஆர்டித் படியில் உட்கார்ந்து ஆணி எடுத்துக் கொடுத்தாள். குல்லா உள்ளே கொக்கியில் தொங்கியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவன் வந்தான். அந்த வேலியில் நிமிர்த்துவதற்கு எதுவும் மிச்சம் இல்லை, இருந்தும் வந்தான்.

பறந்த குல்லாக்களைத் தேடி எடுத்து, துவைத்து, கஞ்சி போட்டு, ஒரு பெட்டியில் அடுக்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டாள். ஒற்றையறைப் பள்ளி நாளில் குல்லா இல்லாமல் வருகிற பிள்ளைகளுக்கு அதிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். குதிரை போட்டதற்கு வருடா வருடம் சண்டை.

அதற்கடுத்த வருடம் மே மாதத்தில் கல்யாணம். சர்ச்சுக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஆர்டித் என் எதிரில் உட்கார்ந்து, "எல்லாத்தையும் பின்னால இழுத்துக் கட்டிடு," என்றாள்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்."

இரண்டு பக்கமும் வாரி இழுத்துக் கொண்டை போட்டுவிட்டேன். சர்ச்சில் சிலர் பார்த்தார்கள், பார்த்துவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ராய்ஸ் விருந்தின்போது அவளிடம் வந்து, "இவ்வளவு நாள் குல்லாவுக்குள்ள என்னத்த ஒளிச்சு வச்சிருந்தியோன்னு நினைச்சேன். இதுதானா?" என்றான். அவன் அப்படிச் சொன்னதில் அவளுக்குத்தான் எவ்வளவு நிம்மதி. அவனோடு ஒரு போல்கா நடனம் ஆடினாள்.

அவர்களுக்கு எல்லாம் சுலபமாகப் போய்விடவில்லை. மூன்று வருடம் கழித்து அவள் மூக்கின் ஓரத்தில் இன்னொரு புள்ளி வந்தது. மறுபடி லிங்கன், மறுபடி கத்தி. இந்தத் தடவை வெர்லின் கூடப் போனான். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் வந்து எல்லாம் எடுத்தாகிவிட்டது என்று சொன்னதும், "அவ சாப்பிடலாமா?" என்று மட்டும் கேட்டான். சாப்பிடலாம் என்றார்கள். கட்டுப்போட்ட முகத்தோடு அவளைக் காரில் உட்காரவைத்து, வழியில் நிறுத்தி சூப் வாங்கிவந்து, ஆற்றி ஆற்றிக் கொடுத்தான். அவள் குடித்தாள். நான் பின்சீட்டில் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

ஷெல்பிக்குக் குல்லா தைக்க வரவில்லை. இரண்டு தடவை முயன்றாள், இரண்டும் தலையணை உறை மாதிரி வந்தது. ஆனால் திருவிழா மேசையில் அவளை மிஞ்ச ஆளில்லை. எந்த அம்மா வந்தாலும் அவள் முகத்தை நேராகப் பார்த்துப் பேசுவாள், அவர்களால் வாங்காமல் நகர முடியாது. அவள் ஆர்டித்தை அம்மா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. டென்வரில் ஒரு அம்மா இருந்தாள், வருடத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவாள். ஆர்டித்தும் அதை எதிர்பார்க்கவில்லை. ஷெல்பி அவளைப் பெயர் சொல்லியே கூப்பிட்டாள், வீட்டில், சர்ச்சில், மளிகைக்கடையில், எங்கேயும்.

எட்டாம் வகுப்பில் ஷெல்பி பள்ளி வாத்தியக்குழுவில் டிரம் வாசித்தாள். அதிர்வு கால் வழியாக ஏறுகிறது, அதனால் டிரம்தான் தனக்கு வசதி என்பாள். வருடக் கச்சேரிக்கு டென்வர் அம்மாவும் வந்திருந்தாள். நல்ல கோட்டு, நல்ல காலணி, கொஞ்சம் பயந்த முகம். எங்கே உட்காருவது என்று தெரியாமல் கூடத்தின் வாசலில் நின்றாள். ஷெல்பி சீருடையோடு மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்து, அவள் கையைப் பிடித்து எங்கள் வரிசைக்குக் கூட்டிவந்தாள்.

"அம்மா, இது என் ஆர்டித்."

"உன்னோட யாரு?" என்றாள் அந்தப் பெண், சரியாகக் கேட்காத மாதிரி.

"ஆர்டித்," என்றாள் ஷெல்பி, வேறு சொல்வதற்கு என்ன இருக்கிறது என்பது மாதிரி. பிறகு கச்சேரி தொடங்கப்போகிறது என்று ஓடிவிட்டாள்.

ஆர்டித் பக்கத்து நாற்காலியிலிருந்து தன் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "உக்காருங்க," என்றாள். "இங்கேருந்து பாத்தா அவ கை ரெண்டும் நல்லாத் தெரியும்."